ஒருத்தரும் கை வைக்காத பெட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து, பெறாமல் வளர்த்தது ஒன்று. பெற்ற ஐந்து பேரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெறாமல் வளர்த்தவன் என் தங்கையின் மகன். அவள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பல்லும் முளைக்கவில்லை. அவன்தான் என்னோடு கோப்பாயில் இருந்தான். அவனுக்கு நான் அம்மா, அவன் மகளுக்கு நான் அப்பம்மா. அந்தப் பேத்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து வைப்பேன். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. யாரிடமாவது போய், இதை வாசித்துச் சொல்லுங்கள் என்று ஒருநாளும் நின்றதில்லை. பேத்தி போனில் எழுதப் பார்த்தாள். நான் விடவில்லை, கொப்பியில் எழுது என்றேன். போனுக்குள் போனதை அது திருப்பித் தரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

போன வருடம் எங்கள் விதைக்கிழங்கு அச்சுவேலிக் குளிர்களஞ்சியத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஊரில் அதைச் "சிஸ்டம் பிழை" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சொல்லுகிறவர்களுக்கு இரண்டு சொல். எனக்கு அது ஒரு மாரிகாலம்.

உருளைக்கிழங்கை நாங்கள் பங்குனியில் கிண்டுவோம். அடுத்த போகத்துக்கு விதைக்கு எடுத்து வைப்பதை வெயில் காலத்தில் வீட்டில் வைத்திருக்க முடியாது, அழுகிவிடும். கொழும்புக் கம்பனி ஒன்று அச்சுவேலியில் குளிர்களஞ்சியம் நடத்துகிறது. அங்கே சாக்கோடு கொண்டுபோய்க் கொடுத்தால், கறுப்புக் கோடு கோடாக இருக்கும் ஒரு காகிதத்தைச் சாக்கில் ஒட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். பெயர் எழுத மாட்டார்கள். எந்தக் கோடு யாருடையது என்பது கொம்பியூட்டருக்குத்தான் தெரியும். ஐப்பசியில் எடுக்கப் போனால் அது ஒரு துண்டு அடித்துத் தரும். அந்தத் துண்டைக் காட்டினால்தான் கேற் திறக்கும்.

பெயர் இல்லாத சாக்கை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் சாக்குகளின் வாயை என் பழைய சேலையின் மஞ்சள் கரையைக் கிழித்துத் தைத்தேன். மகன் பார்த்துச் சிரித்தான்.

"கொம்பியூட்டர் உங்கடை சீலையைப் பாக்குமே அம்மா?"

"அது பாக்காட்டி நான் பாப்பன். நீ சாக்கைப் பிடி."

அந்தப் போகம் மற்றப் போகங்களைப் போல இல்லை. அதற்கு முந்தின இரண்டு போகமும் போய்விட்டன. ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது, மற்றதை இலைகருகல் நோய். அவன் மேசன் வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்தான். கட்டாருக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தரம் வீட்டுக்கு வந்துபோனார். அவர் போன பிறகு மகன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "இந்த முறை கிழங்கு நட்டனெண்டா நான் போகேல்லை அம்மா. நட ஏலாமல் போச்செண்டா, போறதைத் தவிர வேறை வழியில்லை." குத்தகைக்கு எடுத்த காணிக்கும் ஒரு கெடு இருந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னர் மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று காணிக்காரர் சொல்லியிருந்தார். அரசாங்கம் கொடுக்கும் விதைக்கு நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. எங்களிடம்தான் விதை இருந்ததே.

மகன் வேலைக்குப் போவதால், விதை எடுக்கும் வேலையை நான் பொறுப்பெடுத்தேன்.

விசயதசமி அன்று, எப்போது எடுக்கலாம் என்று கேட்க முதல்முறை போனேன். களஞ்சியத்துக் கந்தோரில் பூசை நடந்துகொண்டிருந்தது. அங்கே மனேஜர் தென்மராட்சிக்காரர், திருநீறு அழியாத நெற்றி. ஹோலில் கும்பம் வைத்து, தராசு, தள்ளுவண்டி, திறப்புக்கோர்வை, பேனைகள் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், மேலே ஒரு செவ்வரத்தம்பூ.

கணக்கெழுதும் பிள்ளை என் காதோடு சொன்னாள்: "உதுதான் அம்மா எங்கடை சேர்வர். பின் அறையிலை கிடக்கிறது. எல்லாற்றை விபரமும் உதுக்குள்ளைதான்."

"எங்கடை கிழங்கும்?"

"ஓம், உங்கடை கிழங்கும்."

நான் அதைக் கும்பிட்டேன். ஏன் கும்பிடக்கூடாது? எங்கள் கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பெட்டி. மனேஜர் அவலும் கடலையும் தந்தார். "மூண்டு நாளா ஒருத்தரும் கை வைக்கேல்லை அக்கா. இண்டைக்குத்தான் எடுத்து வைக்கப் போறம்" என்றார். கிழங்கு எடுக்க ஐப்பசி நடுப்பகுதியில் வரச் சொன்னார். அதுவரை அங்கே வேலை இல்லாத காலம். அந்தக் கொம்பியூட்டரை ஒருவரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி நடுவில் போனேன். பிள்ளை என் அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. மூடிவிட்டு மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே கட்டம்.

"என்னவாம்?"

"கோப்பு இல்லை, அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை எண்டு சொல்லுது அம்மா."

"இரண்டிலை எது?"

"அது சொல்லேல்லை."

"இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லவேணும். தரமாட்டனெண்டா தரமாட்டனெண்டு சொல்லவேணும். உதென்ன கதை?"

பிள்ளை பாவம், சிரித்தாள். எல்லாவற்றையும் நிற்பாட்டி மறுபடியும் போட்டாள். மின்விசிறி நின்றது, பிறகு சுற்றியது. கட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் கொழும்புக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் கொழும்புத் தமிழ் பேசும் ஒருவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"மெஷின்ல யாராவது கை வச்சீங்களா? இடம் மாத்தினீங்களா, வயர் கழட்டினீங்களா?"

பிள்ளை மனேஜரைப் பார்த்தாள். மனேஜர் குனிந்து போனுக்குச் சொன்னார்: "சத்தியமா ஒருத்தரும் கை வைக்கேல்லை தம்பி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூசைக்கு வைத்த பொருளில் யார் கை வைப்பார்கள்?

கொழும்பு அந்த இரண்டில் பின்னதைப் பிடித்துக்கொண்டது. கோப்பு இருக்கிறது, பிள்ளைக்கு அனுமதிதான் இல்லை என்று முடிவெடுத்தார்கள். அடுத்த நாள் நான் போனபோது பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். திரையில் அம்புக்குறி தானாக ஓடித் திரிந்தது.

"ஆர் பிள்ளை உதை ஆட்டுறது?"

"கொழும்பிலை இருந்து அம்மா. எனக்கு அனுமதி தருகினம்."

அம்பு அங்கே போனது, இங்கே போனது, ஒரு பட்டியலைத் திறந்து மூடியது. கண் தெரியாதவர் ஒருவர் இருட்டு அறையில் சுவர் தடவுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவளுக்கு இருக்கிற அனுமதியெல்லாம் கொடுத்தார்கள், மனேஜருக்கும் இல்லாத அனுமதி. தட்டினாள். கோப்பு இல்லை, அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை.

அதற்கு அடுத்த முறை அவளுடைய பெயரையே அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார்கள். அதோடு முன்பு திறந்தவையும் திறக்காமல் போயின. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "இனி என்ரை சம்பளத் துண்டையும் என்னாலை பாக்க ஏலாது அம்மா" என்றாள்.

நான் நாள் விட்டு நாள் பஸ் ஏறிப் போனேன். போனால் கதிரை போடுவார்கள். நான் இருக்கவில்லை. இருந்தால் காத்திருக்கிறவளாகிவிடுவேன். என் பொருளை எடுக்க வந்தவள் நான். சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பேன். கேற்றில் நிற்கும் காவல்காரனுக்கு அது ஒரு பகிடி.

"ஆச்சி, இண்டைக்கும் வந்திட்டியளோ? உங்களுக்கும் இஞ்சை சம்பளம் போட்டுட்டினமோ?"

"ஆச்சி எண்டு கூப்பிட நான் உனக்கு அம்மம்மாவோ? கேற்றைத் திற."

மற்றக் கமக்காரர்களும் வந்தார்கள். சத்தம் போட்டார்கள், மேசையில் அடித்தார்கள். புத்தூரிலிருந்து வந்த ஒருவர் திரையைப் பார்த்து, "இவ்வளவு நாளும் கும்பிட்டதுக்குச் சாமியும் இரங்கியிருக்கும், உவர் இரங்கமாட்டார் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவது குறைந்தது. அரசாங்க விதைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அதை வாங்கி நட்டார்கள். சிலர் வெங்காயத்துக்கு மாறினார்கள். சுவரோரம் நான் நின்றேன்.

ஒருநாள் குளிர் அறையின் மோட்டரைப் பார்க்கக் கதவைத் திறந்தார்கள். குளிர் வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. அது விலகியதும் கண்டேன். இரண்டாம் வரிசையில், கீழே, மஞ்சள் கரை. என் கைத்தையல்.

"தம்பி, உது என்ரை."

மனேஜருக்கு அறுபது வயதிருக்கும், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"தெரியுது அக்கா. பாக்க எனக்கும் தெரியுது."

"பேந்தென்ன?"

"துண்டு வரவேணும். துண்டில்லாமல் ஒரு சாக்கு வெளியாலை போனா நான் வீட்டை போகவேண்டியதுதான். எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு அக்கா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் கிடந்தது கிழங்கு. கதவை மூடினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறை, இது நடக்காது என்று பட்டது. வீட்டுக்கு வந்து மகனுக்குச் சோறு போட்டபோது, சாக்கைக் கண்டேன் என்று மட்டும் சொன்னேன். "கண்டனியளோ?" என்றான். அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

கொழும்பிலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மழை தொடங்கிவிட்டது. றோட்டில் வெள்ளம், வாகனம் வராது என்றார்கள். வெள்ளம் வடிந்ததும், வருகிறவருக்கு வேறிடத்தில் வேலை என்றார்கள். கொழும்பில் அனுமதி பார்க்கிறவர்கள் வேறு, பெட்டியும் வயரும் பார்க்கிறவர்கள் வேறாம். ஒருவருடைய வேலையை மற்றவர் தொடமாட்டாராம். விளக்கீடு வந்தது. நான் படலையில் விளக்கு வைத்தேன். மகன் காணிப் பக்கம் போய்வந்து படுத்துவிட்டான்.

விளக்கீடு கழிந்த பிறகுதான் ஆள் வந்தார். வயிறு வைத்த, அமைதியான சிங்கள மனிதர். தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். கந்தோரில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளுடைய திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பின் அறைக்குப் போனார். நாங்களும் போனோம். பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து விரலால் அதன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். விரலில் சிவப்பு.

"இது என்ன?"

"குங்குமம்" என்றார் மனேஜர். "பூசைக்கு வைச்சது."

"பூசை இங்கயா?"

"இல்லை, ஹோலிலை."

"அப்ப இதைக் கழட்டிக்கொண்டு போனது?"

மனேஜர் அந்தச் சிவப்பு விரலைப் பார்த்தார். "கழட்டினது எண்டு இல்லை. பூசைக்கு எடுத்தது" என்றார்.

வந்தவர் பெட்டியைத் திருப்பினார். பின்னாலிருந்து ஒரு நீல வயர் சுவருக்குப் போனது. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். "இது கமரா லைன். கொம்பியூட்டர் லைன் மத்தது" என்றார். வயரைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்தினார். பிள்ளையைப் போய்த் தட்டச் சொன்னார்.

அங்கிருந்து அவளுடைய குரல் கேட்டது: "திறந்திட்டுது."

தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் குடித்தபடி அவர் மனேஜரிடம் கேட்டார்: "ஏன் போன்ல சொல்லல்ல?"

"கை வைச்சியளோ எண்டுதானே கேட்டவை" என்றார் மனேஜர்.

அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. மூன்று நாளும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போகிறவர்களையும் அவர் தள்ளி நிற்கச் சொன்னவர். அவர் மனதில் அது சாமிக்கு முன்னால் இருந்தது. வயரோடும் சுவரோடும் அதை அவர் சேர்த்து நினைக்கவே இல்லை. நானும் நினைக்கவில்லை. அங்கே நின்ற ஒருவரும் நினைக்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

துண்டு வந்தது. காவல்காரன் அன்றைக்குப் பகிடி பேசவில்லை. சாக்குகளை வாடகைக்குப் பிடித்த லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றவும் கை கொடுத்தான். மஞ்சள் கரைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சாக்குகளின் மேல் இருந்தபடியே கோப்பாய் வரை வந்தேன். இந்த வயதில் லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் இருந்து போகிறேன் என்று றோட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே இருந்தேன்.

மகன் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அது ஏன் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. சாக்குகளை இறக்கினான். எப்போதும் செய்வது போல, வெளிச்சம் குறைந்த அறையில் கிழங்கைக் கொட்டிப் பரப்பினான். முளை வர அப்படித்தான் வைக்க வேண்டும். நல்ல கிழங்கு. ஒன்றுகூட அழுகவில்லை. எல்லாவற்றையும் பரப்பி முடித்துவிட்டு, நிலத்தில் குந்தியிருந்தபடியே சொன்னான்.

"காணியை வெங்காயக்காரருக்குக் குடுத்திட்டார் அம்மா."

"வேறை காணி பாப்பம்."

"பாஸ்போட்டைக் குடுத்திட்டன்."

"எப்ப?"

"நீங்கள் சாக்கைக் கண்டனெண்டு சொன்ன கிழமை."

"பேந்தேன் உதைப் பரப்பினனி?"

அவன் ஒரு கிழங்கை எடுத்துக் கண் இருக்கும் பக்கத்தை மேலே திருப்பி வைத்தான். "வந்ததை அப்பிடியே சாக்கிலை விட ஏலுமே" என்றான்.

வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள்ளே நடுவோம், கிணற்றடியில் நடுவோம் என்று நான் சொன்னேன். நாலு பாத்தியை வைத்து என்ன செய்வது என்று கேட்டான். அவன் கேட்டது சரி. மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மார்கழியில் போனான். போகும் அன்று சூட்கேஸைக் கட்டி வைத்திருந்தார்கள், கறுப்பு நிறம். இறங்கும் இடத்தில் எல்லாருடைய பெட்டியும் ஒன்றாகச் சுற்றிவரும், பார்த்து எடுக்க வேண்டும், எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். நான் வெறும் சாக்கு ஒன்றின் வாயிலிருந்த மஞ்சள் கரையை உருவி, அந்தக் கைபிடியில் இறுக்கிக் கட்டினேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனில் வந்தான். "உங்கடை சீலையைப் பாத்துத்தான் எடுத்தனான் அம்மா" என்றான். நான் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அறையில் கிழங்கு முளைத்தது. ஒருவரும் எடுக்காததால் முளைகள் வெள்ளையாக நீண்டு, கதவு இடுக்கில் வரும் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்தன. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். மூன்று பாத்தி நானே கொத்தி நட்டேன். இலை வந்தது. பனி போன பிறகு வெயில் ஏற, கருகியது. மிச்சம் சுருங்கி மாட்டுக்குப் போனது. அச்சுவேலிக்கு நான் பிறகு போகவில்லை. இந்த விசயதசமிக்கும் அங்கே பூசை நடந்ததாம். பெட்டியை இடத்திலேயே வைத்துக் குங்குமம் வைத்தார்களாம். புத்தூர்க்காரர் வழியில் கண்டு சொன்னார். நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல?

பேத்தி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"முடிஞ்சுதோ அப்பம்மா?"

"முடிஞ்சுது. அவ்வளவும் எழுதினனியோ?"

"ஓம்."

"அப்பா கட்டாருக்குப் போனதும்?"

"அதுவும் கிடக்கு."

இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். பிள்ளை பொய் சொல்லமாட்டாள். ஆனால் இருக்கிறது என்று சொன்னவர்களை நம்பித்தான் நான் ஒரு மாரிகாலம் சுவரோரம் நின்றேன். இந்த எழுபத்தெட்டு வயதுக்குள் ஒருவரிடமும் கேட்காததை இவளிடம் கேட்கிறேன்.

"முதலிலை இருந்து வாசி பிள்ளை. ஆறுதலா வாசி. எனக்குக் கேக்கவேணும்."